பழைய டிராக்டர் எஞ்சினில் சிலிண்டருக்குச் சிலிண்டர் கம்ப்ரஷன் மாறுபடுவதைக் கண்டறிவது எப்படி?

வர்த்தூர், சர்ஜாபுரம், பேகூர் என்று பெங்களூரின் விளிம்புப் பகுதிகளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குத் தண்ணீர் டேங்கர் இழுக்கும் டிராக்டர்களில் பல, ஒரு காலத்தில் ராகி வயலை உழுதவை. அவற்றில் ஒன்று சென்ற ஆண்டு எங்கள் பட்டறைக்கு வந்தது. கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வந்து ஆனேக்கல்லில் குடியேறிய ஒருவருடைய வண்டி. மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சின் கொண்ட பழைய மேசி ஃபெர்குசன் 1035. காலையில் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் பிடிக்கிறது, ஆனவுடன் வெள்ளைப் புகை கக்குகிறது, நிறைந்த டேங்கருடன் மேட்டில் ஏறும்போது இழுவை போதவில்லை என்பவை அவருடைய குறைகள். அதற்கு முன் பார்த்த பட்டறையில், கேஜ் ஒன்றைக்கூட மாட்டிப் பார்க்காமல், எஞ்சினை இறக்கி, சிலிண்டர்களைக் கடைந்து முழுவதுமாகப் போர் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். “அண்ணா, இந்த ஒரு வண்டிதான் எங்களுக்குச் சோறு போடுது, நிஜமாவே எல்லாத்தையும் பிரிக்கணுமா?” என்று அவர் கேட்டார். கடைசியில் அந்த எஞ்சினில் லைனர் (சிலிண்டரின் உட்குழாய்), பிஸ்டன், அதைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரிங் எதையும் நாங்கள் தொடவில்லை.

கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு. அதை அளக்கும் கேஜ் காட்டும் எண், எந்தச் சிலிண்டர் தளர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். அழுத்தப்பட வேண்டிய காற்று அந்தச் சிலிண்டரிலிருந்து எந்த வழியாக வெளியேறுகிறது என்பதை அது சொல்லாது. பழுதுபார்ப்பவர் விடை காண வேண்டிய கேள்வி இந்த இரண்டாவதுதான்; அதற்கு விடை கிடைக்கும் வரை சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டின் ஒரு நட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது என்பது எங்கள் பட்டறையின் உறுதியான வழக்கம். பிரித்துவிட்டால், இணைந்திருந்தபோது மட்டுமே தெரியக்கூடிய தடயங்கள் பல அழிந்துபோகும்.

இங்கே ஒரு வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஏர் கிளீனர் வழியாகப் புழுதி நுழைந்தோ, பல்லாயிரம் மணி நேரம் ஓடியோ தேய்ந்த எஞ்சினில், பொதுவாக எல்லாச் சிலிண்டர்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கும். இரண்டு நன்றாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால், அந்தச் சிலிண்டருக்கு மட்டும் ஏதோ நேர்ந்திருக்கிறது என்று பொருள். அது எரிந்த வால்வாக இருக்கலாம், ஒட்டிக்கொண்ட அல்லது உடைந்த ரிங்காக இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கலாம், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள ஒரு சிறிய செம்பு வாஷராகவும் இருக்கலாம். முழு எஞ்சினையும் போர் செய்வது முதல் வகைக்கான மருந்து. இரண்டாம் வகைக்கு அதைத் தருவது பெரும்பாலும் வீண் செலவு.

கேஜை எடுப்பதற்கு முன்

டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு பத்து விநாடி செல்ஃப் அடித்து, கண்ணை மூடிக் கேட்க வேண்டும். நல்ல மூன்று சிலிண்டர் எஞ்சின் சீரான தாளத்தில் சுற்றும். ஒவ்வோர் அழுத்தத்திலும் செல்ஃப் மோட்டார் ஒரே அளவு திணறும். ஒரு சிலிண்டர் தளர்ந்திருந்தால், இரண்டு திணறலுக்குப் பின் ஒரு வழுக்கல் கேட்கும். அந்த ஆனேக்கல் வண்டியில் இது மிகத் தெளிவாகவே கேட்டது. கிளாம்ப் மீட்டர் வைத்திருப்பவர்கள் பேட்டரிக் கம்பியில் அதை மாட்டி மின்னோட்டம் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம் என்றாலும், பழகிய காதே இந்தக் கட்டத்துக்குப் போதும்.

அடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒவ்வோர் இன்ஜெக்டர் பைப்பின் நட்டையும் முறையே சற்றே தளர்த்தி அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாமல் செய்து பார்க்க வேண்டும். நல்ல சிலிண்டருக்கு டீசலை வெட்டினால் எஞ்சின் உடனே தடுமாறி வேகம் குறையும். தளர்ந்த சிலிண்டருக்கு வெட்டினால் பெரிய மாற்றம் தெரியாது. கண்ணாடி அணிந்து, நட்டின் மேல் துணியைப் போர்த்திச் செய்ய வேண்டிய வேலை இது. பம்ப் தள்ளும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தத்தில் வருவதால், பீய்ச்சும் இடத்துக்கு அருகில் விரலைக் கொண்டுபோகவே கூடாது. இந்தச் சோதனை மட்டும் கம்ப்ரஷன் குறைவுக்குச் சான்றாகாது. இன்ஜெக்டர் கெட்டிருந்தாலும் இதே விளைவுதான் வரும். ஆகவே இன்ஜெக்டர்களைக் கழற்றியதும் டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் கொடுத்துப் பீய்ச்சும் விதத்தைப் பார்க்கச் சொல்வது கட்டாயம். 1951-இல் தொடங்கிய ஆடுகோடி மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிவிட்ட போதிலும், பழைய மெக்கானிக்குகள் இன்னும் மைக்கோ பம்ப், மைக்கோ நாசில் என்றுதான் சொல்வார்கள். அந்த வேலை தெரிந்தவர்களுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

எஞ்சின் ஓடும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியையும் திறந்து பார்க்க வேண்டும். மெல்லிய ஆவி வருவது இயல்பு. நாடித்துடிப்பைப் போல ஒரே இடைவெளியில் புஸ், புஸ் என்று புகை தள்ளினால், ஒரு சிலிண்டரின் ரிங் வழியாக வாயு கீழே இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். அப்படியே இன்ஜெக்டர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சுற்றிச் சிறிது டீசலை ஊற்றிப் பாருங்கள். குமிழி வந்தாலோ, அடியில் கரி படிந்து ஈரமாக இருந்தாலோ, வாஷர் வழியாகவே கம்ப்ரஷன் வெளியேறுகிறது. இன்ஜெக்டரைப் பிடிக்கும் இரண்டு நட்டுகளில் ஒன்றை அதிகமாகவும் மற்றொன்றைக் குறைவாகவும் இறுக்கியதால் இன்ஜெக்டர் சாய்ந்து உட்கார்ந்த வண்டிகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

டேப்பெட் இடைவெளி

கேஜை மாட்டும் முன் வால்வு மூடியைத் திறந்து டேப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் இடையே உள்ள வெளியை, அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். வால்வு முழுவதுமாக மூடாத சிலிண்டரில் கம்ப்ரஷன் எடுத்து அந்த எண்ணை வைத்து ரிங்கைக் குறைசொல்வது, தாழ்ப்பாள் போடாத கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சுவரைக் குறைசொல்வதற்கு ஒப்பாகும்.

மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிறு நுணுக்கம் உண்டு. நான்கு சிலிண்டரில், முதல் சிலிண்டரின் பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் இருக்கும்போது அதன் ஜோடியான நான்காவதில் ஒரு வால்வு மூடி மற்றது திறக்கும். அதைப் பார்த்து வேலை செய்யலாம். மூன்றில் அப்படி ஜோடி கிடையாது, ஏனெனில் 240 பாகைக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் எரிகிறது. ஆகவே, அளக்க வேண்டிய சிலிண்டரின் எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வு மூடி இன்லெட் (காற்று நுழையும்) வால்வு திறக்கத் தொடங்கும் கணம் வரை எஞ்சினைக் கையால் சுற்றி, அங்கிருந்து கிராங்கைச் சரியாக ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அப்போது அந்தச் சிலிண்டர் அழுத்தத்தின் உச்சியில் இருக்கும். இரண்டு ராக்கரும் தளர்ந்திருக்கும்.

ஆனேக்கல் வண்டியில் முதல் இரண்டு சிலிண்டர்களின் நான்கு வால்வுகளிலும் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு சற்றே உரசிக்கொண்டு நுழைந்தது. மூன்றாவதின் இன்லெட்டும் சரி. அதன் எக்ஸாஸ்ட்டில் 0.05 மில்லிமீட்டர் தகடுகூட நுழையவில்லை. ராக்கரை விரலால் ஆட்டினால் அசைவே இல்லை. இந்த வகை எஞ்சினில் குளிர்ந்த நிலையில் 0.30 மில்லிமீட்டர், அதாவது 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு), விடுவது வழக்கம். வால்வு உட்காரும் சீட்டும் வால்வு முகமும் தேயத் தேய வால்வு மேலே ஏறி இடைவெளியை விழுங்கிவிடும். இடைவெளி தீர்ந்தபின் வால்வு சீட்டில் அழுந்தி உட்காராது. சீட்டுக்கு வெப்பத்தைக் கடத்த முடியாமல் விளிம்பு எரியத் தொடங்கும். அளவைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் சரிசெய்தோம். சரிசெய்த பின்னும் அந்தச் சிலிண்டரில் கம்ப்ரஷன் வந்ததா என்பதுதான் அடுத்த கேள்வி.

கருவிகளும் இன்ஜெக்டர் கழற்றலும்

பெட்ரோல் வண்டிக்கான கேஜ் இதற்கு உதவாது. அதன் எல்லை பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டுடன் முடிந்துவிடும். டீசல் எஞ்சின் அதைத் தாண்டித் தள்ளிக் கேஜைக் கெடுத்துவிடும். 1000 பவுண்டு வரை காட்டும் டீசல் கேஜும், உங்கள் எஞ்சினின் இன்ஜெக்டர் துளைக்குப் பொருந்தும் அடாப்டரும் தேவை. கேஜ், பெங்களூர் எஸ்.ஜே.பி. ரோட்டுக் கருவிக் கடைகளில் கிடைக்கும், உதிரிபாகங்களுக்கு ஜே.சி. ரோடு. அடாப்டர் கிடைக்காதபோது, கெட்டுப்போன பழைய இன்ஜெக்டர் ஒன்றின் உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, லேத்தில் கொடுத்துக் கேஜ் குழாய்க்கு மரை போட்டுக்கொள்ளலாம். எங்களிடம் இருக்கும் அடாப்டர் அப்படிச் செய்ததுதான். துளையில் அசல் இன்ஜெக்டரைப் போலவே அது கச்சிதமாக உட்காருகிறது.

எஞ்சினை வேலை செய்யும் வெப்பத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியபின், இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள மண்ணையும் கரியையும் டீசலால் கழுவி, காற்றடித்துத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் கழற்றும் நொடியில் அது அப்படியே சிலிண்டருக்குள் விழும். பிறகு ஓவர்ஃப்ளோ பைப்பையும் அழுத்தப் பைப்புகளையும் கழற்றி, முனைகளைச் சுத்தமான மூடியால் அடைக்க வேண்டும். இன்ஜெக்டரை நெம்புகோலால் ஒரே பக்கமாகக் கிளப்பாமல், இருபுறமும் சிறிது சிறிதாக அசைத்து நேராக எடுக்க வேண்டும். இன்ஜெக்டர் வந்தவுடன் அதன் நுனியைப் பாருங்கள்: செம்பு வாஷர் அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா? வராவிட்டால் துளையின் அடியில் கரிக்குள் புதைந்து கிடக்கிறது. விளக்கை நேராகப் பிடித்துப் பார்த்து, முனை வளைத்த கம்பியால் அதை எடுக்காமல் மேலே புதிய வாஷரைப் போட்டால், இரண்டு வாஷர் சேர்ந்து இன்ஜெக்டரை உயர்த்தி, பீய்ச்சும் இடமே மாறிவிடும். பழைய வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மீண்டும் மென்மையாகும். ஆனாலும் புதியது போடுவதே நல்லது, அதன் விலை மிகக் குறைவு.

கம்ப்ரஷன் எடுத்தல்

மூன்று இன்ஜெக்டர்களையும் கழற்றிவிட்டே சோதிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும். மற்றச் சிலிண்டர்கள் எரிந்து எஞ்சின் கிளம்பிவிடும் ஆபத்தும் உண்டு. டீசல் நிறுத்தும் கம்பியை இழுத்துக் கட்டிவைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். முதலில் கேஜ் மாட்டாமல் சில விநாடி செல்ஃப் அடித்தால், துளைகளில் விழுந்த கரித்தூள் வெளியே பறந்துவிடும். அப்போது துளைகளுக்கு நேராக யாரும் முகத்தை வைத்திருக்கக் கூடாது.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கை அழுத்தம், அதாவது எட்டுத் துடிப்பு, கொடுத்து முள் எங்கே நிற்கிறது என்று எழுதவும். கூடவே முதல் துடிப்பில் முள் எவ்வளவு எழுந்தது என்பதையும் எழுதவும். முதல் துடிப்பில் பெரிதாக எழுந்து விரைவில் நின்றுவிடுவது ஒரு வகை; சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போவது மற்றொரு வகை. ரிங் தளர்ந்த சிலிண்டர் பெரும்பாலும் இரண்டாவது வகையில் நடந்துகொள்ளும். வால்வு கசிந்தால் முதல் துடிப்பும் தாழ்வாகவே இருக்கும், பிறகும் ஏற மறுக்கும்.

மூன்றாவது சிலிண்டரை அளந்தவுடன் சோதனை முடிந்தது என்று கேஜைக் கழற்றிவிடாமல், மீண்டும் முதல் சிலிண்டரில் மாட்டி அளக்க வேண்டும். பேட்டரி இறங்கிக்கொண்டே வந்திருந்தால் கடைசியில் அளந்தது எப்போதும் தாழ்வாகத்தான் காட்டும். அதைப் பழுது என்று எண்ணி ஹெட்டைத் திறப்பவர்கள் உண்டு. எங்கள் அளவுகள் இப்படி வந்தன: முதலாவது 370 பவுண்டு, இரண்டாவது 365, மூன்றாவது 255, மீண்டும் முதலாவது 365. பேட்டரி மீது பழி இல்லை என்பது உறுதியாயிற்று.

எண்களைப் படிக்கும் முறை

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையில் இருப்பதைவிட ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவு. உள்ளே இழுக்கும் காற்றே அந்த அளவு மெலிந்திருப்பதால், கம்ப்ரஷனும் அதே விகிதத்தில் குறையும்: சென்னையில் 400 காட்டும் எஞ்சின் இங்கே 360 அளவில்தான் காட்டும். ஆகவே புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவது இந்த ஊரில் தவறாக முடியும். சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இந்தப் பிழை தானாகவே நீங்கிவிடும், ஏனென்றால் மூன்றும் சுவாசிப்பது ஒரே காற்றை. இத்தகைய பழைய எஞ்சின்களில் 300 முதல் 450 பவுண்டு வரை வருவது வழக்கம். அவற்றுக்குள் உயர்ந்ததற்கும் தாழ்ந்ததற்கும் 10 விழுக்காட்டுக்குள் வேறுபாடு இருந்தால் கவலை வேண்டாம். எங்கள் வண்டியில் அது 30 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

அருகருகே உள்ள இரண்டு சிலிண்டர்கள் ஏறக்குறைய ஒரே அளவில் விழுந்திருந்தால், இரண்டுக்கும் இடையே ஹெட் கேஸ்கெட் எரிந்து வழி திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட உயர்ந்திருப்பதும் சில நேரம் நடக்கும். பிஸ்டன் மேல் எண்ணெயோ, ஒழுகும் இன்ஜெக்டர் விட்ட டீசலோ தேங்கியிருக்கலாம், கரி தடித்திருக்கலாம். அப்படியானால் நலமாக இருப்பது எது, பழுதானது எது என்ற எண்ணத்தையே திருப்பிப்போட்டு யோசிக்க வேண்டும்.

எண்ணெய் ஊற்றிப் பார்க்கும் சோதனையும் அதன் ஏமாற்றும்

தளர்ந்த சிலிண்டருக்குள் சிறிது எஞ்சின் ஆயில் ஊற்றி மீண்டும் அளந்து, எண் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு என்று சொல்வது பெட்ரோல் எஞ்சினிலிருந்து வந்த பழக்கம். டீசலில் இதை அப்படியே நம்பக் கூடாது. காரணம் எளிய கணக்குதான். இந்த எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சுமார் 800 சி.சி. பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது அதன் மேல் எஞ்சும் இடம் சுமார் 50 சி.சி. மட்டுமே. ஒரு தேக்கரண்டி ஆயில் 5 சி.சி.; அது அந்த இடத்தில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு, ரிங் எப்படி இருந்தாலும் அழுத்தத்தைத் தானாக உயர்த்திவிடும். அதற்கு மேலும் ஊற்றினால், நீர்மத்தை அழுத்த முடியாமல் பிஸ்டன் முட்டிக் கனெக்டிங் ராடு வளையவும் கூடும். பிஸ்டன் தலையில் குழி உள்ள எஞ்சின்களில் ஆயில் குழியிலேயே தங்கிவிட, ரிங்கை எட்டாமலே போகலாம்.

ஆகவே நாங்கள் இதை ஒரு மாற்றத்தோடு செய்கிறோம்: தளர்ந்த சிலிண்டருக்கும், நல்ல சிலிண்டர் ஒன்றுக்கும் ஒரே அளவாக 5 மில்லிலிட்டர் ஊசியால் விட்டு, இரண்டும் எத்தனை விழுக்காடு ஏறுகின்றன என்று ஒப்பிடுகிறோம். ஆனேக்கல் வண்டியில் மூன்றாவது 255-லிருந்து 285-க்கு ஏறியது. அதை மட்டும் பார்த்திருந்தால், ரிங் போய்விட்டது என்று ஒருவர் சொல்லியிருக்கக்கூடும். ஆனால் நலமாயிருந்த முதலாவதும் 370-லிருந்து 410-க்கு ஏறியது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதம். ஆயில் இடத்தை அடைத்ததன் விளைவு மட்டுமே அது. ரிங்கின் மேல் இருந்த சந்தேகம் பெரும்பாலும் அங்கேயே தீர்ந்தது.

காற்றை உள்ளே விட்டுக் கேட்டல்

மொத்தச் சோதனையிலும் எனக்கு மிகவும் பிடித்ததும், அதிக உண்மையைச் சொல்வதும் இதுதான். சிலிண்டரை அழுத்தத்தின் உச்சியில் நிறுத்தி, இரண்டு வால்வும் மூடிய நிலையில், இன்ஜெக்டர் துளை வழியாகக் கம்ப்ரசர் காற்றைச் செலுத்தி, அது எங்கே வெளிவருகிறது என்று கேட்பதே முறை.

இதில் இருக்கும் ஆபத்தை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். பிஸ்டனின் பரப்பு சுமார் 65 சதுர சென்டிமீட்டர். 100 பவுண்டு காற்று விட்டால் அதன் மேல் 450 கிலோவுக்கும் மேற்பட்ட விசை விழும். பிஸ்டன் உச்சியிலிருந்து சிறிதளவு விலகியிருந்தாலும் கிராங்க் படாரென்று சுழலும்; ஃபேன் அருகில் இருக்கும் விரல் போய்விடும். ஆகவே ஃபேன், புல்லி, ஃப்ளைவீல் எதன் அருகிலும் கை இருக்கக் கூடாது. கிராங்கைச் சுற்றிய ஸ்பேனரை அதிலேயே விட்டு வைக்கக் கூடாது. காற்றை 20 பவுண்டில் தொடங்கி, கிராங்க் அசையவில்லை என்று கண்டபின் 50 வரை மெதுவாக உயர்த்த வேண்டும். கசிவைக் கேட்பதற்கு 50 பவுண்டே தாராளமாகப் போதும்.

உச்சியைக் கண்டுபிடிக்க, டேப்பெட்டுக்குச் சொன்ன முறையே போதும். அதன்பின் இன்ஜெக்டர் துளை வழியாக மெல்லிய மூங்கில் குச்சியையோ நீளமான பிளாஸ்டிக் ஸ்ட்ராவையோ விட்டு, பிஸ்டன் ஏறி நின்று இறங்கத் தொடங்கும் இடத்தைக் கையால் உணரலாம். துளை சாய்வாக உள்ள எஞ்சின்களில் எதுவும் உள்ளே சிக்கி முறியாமல் கவனிக்க வேண்டும். இரும்புக் கம்பியைத் தவிர்ப்பது நல்லது.

இனி ஏர் கிளீனர் குழாயைக் கழற்றி விடுங்கள், எண்ணெய் மூடியைத் திறந்து வையுங்கள், ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரை விளிம்பு வரை நிரப்புங்கள். முதலில் நல்ல சிலிண்டரில் காற்றை விட்டுக் கேளுங்கள். ரிங் முனைகளின் இடைவெளி வழியாகச் சிறிதளவு காற்று எந்த நல்ல எஞ்சினிலும் கீழே இறங்கும். எண்ணெய்த் துளையில் மெல்லிய உஸ் என்ற ஓசை கேட்பது குற்றமல்ல. அந்த ஓசையைச் செவியில் பதித்துக்கொண்ட பிறகே தளர்ந்த சிலிண்டருக்குப் போக வேண்டும்.

காற்று இன்லெட் மேனிஃபோல்டில் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சர் வாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. எண்ணெய்த் துளையில் நல்ல சிலிண்டரைவிடப் பலமடங்கு பலமாக வந்தால் ரிங், பிஸ்டன் அல்லது லைனர். ரேடியேட்டரில் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட், ஹெட்டில் வெடிப்பு, அல்லது தண்ணீர் தொடும் வகை லைனரில் அரித்த துளை. பக்கத்துச் சிலிண்டரின் இன்ஜெக்டர் துளையில் காற்று வந்தால் இடையிலுள்ள கேஸ்கெட். குமிழி சில நேரம் ஒரு நிமிடம் கழித்தே எழும். அவசரப்பட்டு மூடியைப் போட்டுவிட வேண்டாம்.

மூன்றாவது சிலிண்டரில் 40 பவுண்டு ஏறியதுமே, வண்டியின் முன்புறம் நிமிர்ந்து நிற்கும் சைலன்சரின் வாயிலிருந்து, கொதிக்கும் குக்கரின் வெயிட்டைத் தூக்கியதுபோல் சீறல் வந்தது. உரிமையாளரை ஸ்டூலில் ஏற்றி, சைலன்சர் வாய்க்கு மேல் உள்ளங்கையைப் பிடிக்கச் சொன்னேன். காற்று கையைத் தள்ளுவதை அவரே உணர்ந்தார். எண்ணெய்த் துளையில் முதல் சிலிண்டரில் கேட்ட அதே மெல்லிய ஓசைதான். ரேடியேட்டர் தண்ணீர் அசையவில்லை.

முடிவுக்கு வருமுன் இன்னொன்றும் செய்யலாம். வால்வு சீட்டில் கரித்துணுக்கு சிக்கியிருந்தாலும் இப்படிக் கசியும். ராக்கரின் மேல், வால்வுத் தண்டின் நுனிக்கு நேராக, மரச்சுத்தியலால் இரண்டு மூன்று முறை மெதுவாகத் தட்டி வால்வு சிறிது திறந்து மூடும்படி செய்தால், துணுக்கு பறந்துவிட வாய்ப்புண்டு. தட்டும்போது காற்றை நிறுத்தியிருக்க வேண்டும். எங்களுக்கு அதனாலும் சீறல் குறையவில்லை.

கசிவே இல்லாமல் கம்ப்ரஷன் குறைந்திருந்தால்

கேஜில் எண் தாழ்வாக இருக்கும். காற்றை விட்டால் எங்கேயும் பெரிதாகக் கசியாது. அனுபவமுள்ளவர்களையும் குழப்பும் நிலை இது. காற்று வெளியேறவில்லை என்றால், ஒன்று போதிய காற்று உள்ளே வரவில்லை, அல்லது வந்த காற்று போதிய அளவு அழுத்தப்படவில்லை.

முதலாவதற்கு, கிராங்கைச் சுற்றிக்கொண்டே இன்லெட் ராக்கர் எவ்வளவு உயரம் அழுந்துகிறது என்று மூன்று சிலிண்டர்களிலும் ஒப்பிட வேண்டும். கேம்ஷாஃப்டின் மேடு தேய்ந்தாலோ புஷ் ராடு வளைந்தாலோ வால்வு முழுமையாகத் திறக்காது. இரண்டாவதற்கு, கனெக்டிங் ராடு வளைந்து பிஸ்டன் உச்சியை எட்டாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கேஸ்கெட் விட்டுத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிய வண்டியில் அதைத் தெரியாமல் செல்ஃப் அடித்திருந்தால் இது நேரும். இத்தகைய எஞ்சினில் முன்பு என்ன நடந்தது என்று உரிமையாளரிடம் பொறுமையாகக் கேட்பது எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. முன்பு ஓவர்ஹால் செய்தபோது ஒரே ஒரு பிஸ்டனை மட்டும் வேறு தயாரிப்பில் மாற்றியதும், அதன் தலை உயரம் ஒத்துவராததும் இவ்வாறே தெரியவந்திருக்கிறது.

காலையில் ஸ்டார்ட் ஆகாத எஞ்சினுக்குப் பெட்ரோல் நனைத்த துணியை ஏர் கிளீனர் வாயில் காட்டும் பழக்கம் உண்டா என்பதையும் கேளுங்கள். அந்த வெடிப்பில் ரிங் உடையும், ரிங் உட்காரும் பள்ளத்தின் விளிம்பு நொறுங்கும். உண்டு என்று விடை வந்தால், ரிங்கைக் குறித்து இருமடங்கு கவனம் தேவை.

ஹெட்டைக் கழற்றிய பின்

இப்போது ஹெட்டைத் திறக்கக் காரணம் இருக்கிறது. எஞ்சின் முழுதும் ஆறிய பிறகு, வெளியிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொரு நட்டையும் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். கழற்றிய ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, வால்வுகளை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு குழிவிலும் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டோம். முதல் இரண்டில் போர்ட்டுகள் காய்ந்தே இருந்தன. மூன்றாவதின் எக்ஸாஸ்ட் போர்ட்டில் அரை நிமிடத்துக்குள் மண்ணெண்ணெய் சொட்டத் தொடங்கியது. வால்வை எடுத்தபோது, அதன் விளிம்பில் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு ஒரு பகுதி எரிந்து பள்ளமாகி, வெளிறிய சாம்பல் நிறத்தில் இருந்தது.

திறந்துவிட்டதால் லைனர்களையும் பார்த்துக்கொண்டோம். மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் மேடு மூன்றிலும் சிறியதாகவும் சமமாகவும் இருந்தது. நெடுக்குக் கீறல் எதுவும் இல்லை. நேர்விளிம்பு ஸ்கேலையும் ஃபீலர் கேஜையும் வைத்து ஹெட்டின் சமதளத்தைச் சோதித்தோம், வளைவு இல்லை. ஹெட் வேலைக்கு அனுப்பி, மூன்றாவது எக்ஸாஸ்ட்டுக்குப் புதிய வால்வும், அதன் தண்டைத் தாங்கும் கைடும் போட்டு, சீட் வெட்டி, மற்ற ஐந்து வால்வுகளையும் தேய்த்து வாங்கினோம். கைடை விட்டுவிட்டு வால்வை மட்டும் மாற்றுவது பலர் செய்யும் தவறு. தளர்ந்த கைடில் வால்வு ஆடினால் சீட்டில் நேராக உட்காராது, சில மாதங்களிலேயே மீண்டும் எரியும்.

புதிய கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து வெளிநோக்கி, கையேட்டில் உள்ள வரிசையிலும் அளவிலும் டார்க் ரெஞ்சால் மூன்று கட்டமாக இறுக்கினோம். டேப்பெட் விட்டு, எஞ்சினைச் சூடாக்கி, மீண்டும் கேஜை மாட்டினோம்: 370, 365, 360. சில நாள் டேங்கர் இழுத்த பின் வண்டியை வரச்சொல்லி, ஹெட் நட்டுகளையும் டேப்பெட் இடைவெளியையும் மறுபடி பார்த்தோம். மூன்றாவதின் எக்ஸாஸ்ட்டில் புதிய வால்வு படிந்ததால் இடைவெளி 0.25-க்குக் குறைந்திருந்தது. அதை 0.30-க்குத் திருப்பி விட்டு, அந்த எண்ணையும் தேதியையும் வால்வு மூடியின் உட்புறத்தில் பெயிண்ட்டால் எழுதி மூடினோம்.